லாங்கு பஜார் தராசுக் கடை: சுண்டெலி எடை பார்க்கும் தராசைச் சரிசெய்த கதை

வேலூர் லாங்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குறுகலான மாடிப்படி ஏறினால் ஒரு தராசுக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கீழே யாரைக் கேட்டாலும் "பாய் கடையா, மேலே போங்க" என்று கையைக் காட்டுவார்கள். தராசு விற்பனையும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பழுதுபார்ப்புதான். நகைக்கடை, மளிகைக் கடை, காய்கறி மண்டி என்று எல்லாத் தராசும் அங்கே வந்து படுத்திருக்கும். நான் கொண்டுபோன தராசு அந்தக் கூட்டத்தில் சேராதது. அது சுண்டெலிக்கு எடை பார்க்கிற தராசு.

14 வருடங்களாக ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அனிமல் ஹவுஸில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் அறையில் டெங்கு ஆராய்ச்சிக்காக ஏஜி129 என்ற வகைச் சுண்டெலிகளை வளர்க்கிறோம். சாதாரணச் சுண்டெலிக்கு மனிதரிடமிருந்து எடுத்த டெங்கு வைரஸை ஊசி போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நம் செல்களில் ஸ்டாட்2 என்று ஒரு புரதம் இருக்கிறது. வைரஸ் வந்துவிட்டது என்று இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் அடிக்கும் மணியை செல்லுக்குள்ளே கொண்டுசேர்ப்பது அதுதான். டெங்கு வைரஸ் முதல் வேலையாக அதை அழித்துவிடும். எலியின் ஸ்டாட்2-ஐ அதனால் அழிக்க முடியாது. அதனால் எலி தப்பித்துக்கொள்கிறது, நமக்கு நோயைப் படிக்க வழியில்லாமல் போகிறது. ஏஜி129 எலிகளுக்கு இன்டர்ஃபெரானின் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பிறவியிலேயே இல்லை. எலி உடம்புக்குப் பழக்கப்படுத்திய டெங்கு வைரஸை இவற்றுக்குக் கொடுத்தால் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறையும், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், நாலைந்து நாளில் உயிரே போய்விடும். ஆஸ்பத்திரியில் டெங்கு முற்றிய நோயாளியிடம் டாக்டர்கள் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்களோ, அதில் முக்கியமான பாதி இந்த 20 கிராம் உடம்பில் தெரியும்.

எலிக்கு வாய் இல்லை. எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. காய்ச்சல் ஆராய்ச்சி என்று பெயர், ஆனால் நோய் முற்றிய சுண்டெலிக்குப் பெரும்பாலும் உடம்பு சுடாது, குளிர்ந்துபோகும். முடி சிலிர்த்து நிற்கும், முதுகு கூனிப்போகும், கண் பாதி மூடும். இதெல்லாம் பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. யார் பார்த்தாலும் ஒரே பதில் தருவது எடைதான். தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு, வைரஸ் கொடுப்பதற்கு முன்பிருந்த எடையோடு ஒப்பிடுவோம். எங்களுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கும் வரம்பு 20 சதவீத எடைக் குறைவு. அதைத் தாண்டி எடை இறங்கிய எலியை மேற்கொண்டு துன்பப்பட விடக்கூடாது, வலி தெரியாமல் உயிரை முடித்துவிட வேண்டும். அந்த முடிவை எடுப்பது நான் கையில் பிடித்திருக்கும் எலிக்கும் முன்னால் இருக்கும் தராசுக்கும் நடுவில்தான்.

ஒரு நாள் காலை அதில்தான் சிக்கல் வந்தது. வைரஸ் கொடுத்த நாலாவது நாள். ஒரு பெண் எலி, தொடக்க எடை 21.6 கிராம். அதில் 80 சதவீதம் 17.28. தராசு 17.2 காட்டியது. கணக்குப்படி அதன் நேரம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த எலி கூண்டுக் கம்பியில் தொற்றி ஏறிக்கொண்டிருந்தது, முடி வழவழவென்று படிந்திருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கூட வேலை செய்யும் தம்பியை வெளியே அனுப்பி, அவன் பையிலிருந்து மூன்று 5 ரூபாய் நாணயம் எடுத்துவரச் சொன்னேன். 2011-ல் வந்த தினுசு, ஒன்று 6 கிராம். மூன்றும் சேர்ந்து 18 காட்ட வேண்டும். தட்டின் நடுவில் வைத்தால் 17.6 வந்தது. வலது ஓரத்துக்குத் தள்ளினால் 17.4. அதாவது, தராசு தப்பு; அந்தத் தப்பும் எலி எந்த மூலையில் உட்கார்கிறதோ அதைப் பொறுத்து மாறுகிறது. எலியைக் கூண்டில் விட்டேன். பக்கத்து அறைத் தராசைக் கடன் வாங்கி மறுபடி எடை போட்டோம். 17.7. வரம்புக்கு மேலேதான் இருந்தது.

அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு முன் எத்தனை நாளாக இந்தத் தராசு பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்ற யோசனைதான். பழைய குறிப்பேடுகளை எடுத்து, கட்டுப்பாட்டுக் கூண்டு எலிகளின் எடையை வரிசையாகப் பார்த்தேன். அவற்றுக்கு வைரஸ் கொடுப்பதில்லை, எடை குறையக் காரணமும் இல்லை. ஆறு நாளைக்கு முன்பிருந்து எல்லாமே ஒரேயடியாகக் கீழே இறங்கியிருந்தன. அந்த ஆறு நாள் எடைகளையும் அடித்துவிட்டு, காரணத்தை எழுதி மேலே அனுப்பினோம்.

விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தோம். தராசை வெளியூருக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும், பார்ப்பதற்கே தனிக் கட்டணம் என்றார்கள். மூன்று வாரம் எலிகள் காத்திருக்காது. எங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் அக்கா ஒருவர், அவர் வீட்டுக்காரர் நகைத் தொழில், "லாங்கு பஜார் பாயிடம் கொண்டுபோ" என்றார்.

எடுத்துப்போவதற்கு முன் ஒரு வேலை இருந்தது, ஆய்வகத்தில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். நோய்க்கிருமி அறையிலிருந்து எந்தப் பொருளும் அப்படியே வெளியே போகக்கூடாது. 70 சதவீத ஆல்கஹாலில் எல்லாப் பக்கமும் துடைத்து, கொஞ்ச நேரம் ஈரமாகவே விட்டு, காயவைத்து, பாதுகாப்பு அதிகாரியிடம் கையெழுத்துச் சீட்டு வாங்கி ஒட்டினேன். டெங்கு வைரஸுக்குக் கொழுப்பாலான உறை உண்டு, ஆல்கஹால் பட்டால் கலைந்துபோகும். தொட்டாலும் பரவாது, கொசு வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் நேராகக் கலக்க வேண்டும். இருந்தாலும் சீட்டு இல்லாமல் நான் எடுத்துப்போக மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனேன். பாய்க்கு 65 வயதுக்கு மேல் இருக்கும். சீட்டை முழுசாகப் படித்தார். "என்ன கிருமி மா?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டு மேஜை டிராயரிலிருந்து கையுறை எடுத்துப் போட்டுக்கொண்டார். பயந்த மாதிரியும் இல்லை, அலட்சியமும் இல்லை. அங்கேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

முதலில் அவர் தராசைத் திறக்கவே இல்லை. ஒரு மரப்பெட்டியிலிருந்து 20 கிராம் எடைக்கல்லை இடுக்கியால் எடுத்தார். விரல் படக்கூடாது, வியர்வை ஒட்டினாலும் எடைதான் என்றார். நடுவில் வைத்தார், 19.57. பிறகு நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு தடவையும் எண்ணை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். 19.61, 19.34, 19.55, 19.37. வலப்பக்க மூலைகள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தன. "நகை ஓரிடத்தில் சும்மா கிடக்கும் மா, உங்க பொருள் ஓடும். நகைக்கடைக்காரருக்கு நடு சரியா இருந்தா போதும், உங்களுக்கு நாலு மூலையும் சரியா இருக்கணும்" என்றார். 14 வருட வேலையில் இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அப்புறம்தான் திறந்தார். தட்டுக்குக் கீழே விரல் நீள அலுமினியக் கட்டை, நடுவில் இரண்டு ஓட்டைகள் சேர்ந்த மாதிரி ஒரு குடைவு. அதுதான் லோடு செல். பாரம் ஏறினால் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிச் சுருள்கள் நீண்டு சுருங்கும், அவற்றின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் தராசு கிராமாகக் காட்டுகிறது. கம்பிச் சுருளை மூடியிருந்த வெள்ளைப் பூச்சு ஒரு பக்கம் உப்பி விரிந்திருந்தது. பற்றவைத்த புள்ளிகளில் பச்சை படிந்திருந்தது. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

"எதில் துடைக்கிறீங்க?"

ஆல்கஹால் என்றேன். அவர் திருப்தியாகவில்லை. தட்டின் அடியைத் திருப்பி, எஃகில் விழுந்திருந்த சின்னச் சின்னக் குழிகளைக் காட்டினார். இது ஆல்கஹால் வேலை இல்லை, பிளீச்சிங் தண்ணி வேலை என்றார். மறுநாள் விசாரித்தேன். உண்மைதான். சாயங்கால முறைக்கு வருகிறவர்கள் தரை துடைக்கும் ஹைப்போகுளோரைட்டிலேயே தராசையும் துடைத்திருக்கிறார்கள். அது தட்டின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. இப்போது தராசின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: ஆல்கஹால் மட்டும், துணியில் நனைத்து, நேராக ஊற்றக்கூடாது.

வேலை நடக்கும்போது அவர் நிறையக் கேட்டார். அவர் பேரனுக்குப் போன வருடம் டெங்கு வந்ததாம். "வீட்ல எல்லாரும் தட்டணு ஏறுதா இறங்குதான்னே பார்த்தோம், டாக்டர் மட்டும் பி.சி.வி. பி.சி.வி.ன்னு கேட்டுட்டே இருந்தார்" என்றார். குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பி.சி.வி. ஏறும், டெங்குவில் உயிருக்கு உலை வைப்பது அந்தக் கசிவுதான், அதைத்தான் எங்கள் எலியிலும் தேடுகிறோம் என்றேன். ஒரு தடவை வந்தவருக்கு வேறொரு வகை டெங்கு வந்தால் ஏன் அதிக ஆபத்து என்று கேட்டார். பழைய நோயில் உண்டான எதிர்ப்பொருள் அரைகுறையாக ஒட்டி, வைரஸை செல்லுக்குள் ஏற்றிவிடும் வண்டியாகிவிடுகிறது. இந்தச் சந்தேகம் பல வருடங்களாக இருந்தது. 2010-ல் ஏஜி129 எலிகளுக்குக் கொஞ்சமாக டெங்கு எதிர்ப்பொருளைக் கொடுத்து, பிறகு வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். லேசாகப் போயிருக்க வேண்டிய நோய் உயிரைக் குடித்தது. இதைச் சொன்னபோது அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"எலிக்கு வர்றது அப்படியே மனுஷனுக்கு வர்ற மாதிரி இருக்குமா மா?"

இருக்காது என்றுதான் சொன்னேன், அதுதான் நிஜம். எங்கள் எலிக்கு இன்டர்ஃபெரான் என்ற காவல் வேலை செய்வதே இல்லை, அதனால் அந்தக் காவலைச் சார்ந்த கேள்விகளுக்கு அதனிடம் பதில் கேட்கக்கூடாது. எபோலாவும் அப்படித்தான். 1998-ல் வைரஸை ஓர் எலிக்குஞ்சிலிருந்து எடுத்து அடுத்ததற்கு என்று திரும்பத் திரும்ப ஏற்றி, வளர்ந்த எலியைக் கொல்லும் எபோலா வைரஸை உருவாக்கினார்கள். எலி சாகிறது, ஆனால் மனிதரிடம் வரும் ரத்த உறைவுக் கோளாறு அதில் சரியாக வருவதில்லை. வெள்ளெலியில் (ஹாம்ஸ்டர்) அது வருகிறது. மனித நோய்க்கு ரொம்ப நெருக்கமாக வருவது குரங்கு. அதற்கு உலகத்தில் சில இடங்களில் மட்டுமே இருக்கும் உச்சக்கட்டப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், அதைவிடப் பெரிய மனசாட்சிக் கேள்வியும் இருக்கிறது. கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் 1957-ல் யாரும் ஊசி போடாமலே குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. உண்ணி கடித்து மனிதருக்கு வரும் ரத்தக்கசிவுக் காய்ச்சல் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்றும் அந்தப் பக்கம் காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகிறது.

"அப்போ ஒவ்வொரு பிராணியும் ஒரு மூலை" என்றார் பாய். "எந்த மூலையில் எவ்வளவு தப்புன்னு எழுதி வச்சுக்கணும்." காலண்டர் தாளைக் காட்டித்தான் சொன்னார். எங்கள் அறையில் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மூளைக்காய்ச்சல் பற்றியும் பேச்சு வந்தது. அவர் வயதுக்காரர்களுக்கு, அதுவும் வட ஆற்காட்டில், அது கேள்விப்பட்ட நோய் மட்டும் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல் இங்கேதான். 1960களில் வேலூரில் நோயாளிகளிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் கருவி, பிறந்து ஒன்றிரண்டு நாளான எலிக்குஞ்சின் மூளை. நம் ஊர் காய்ச்சல்களின் பெயர்களை நமக்குச் சொன்னது அந்தக் குஞ்சுகள். எனக்கு இது எப்போதும் நினைவில் இருக்கும் விஷயம். எலி எடையில் அரை கிராம் தப்பு எனக்கு இவ்வளவு உறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, வேலைக்கு வருகிறேன். லோடு செல்லை மாற்றினார். தட்டுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வைத்து, ஈரம் இறங்கும் வழியை அடைத்தார். பேட்டரி உப்பியிருந்தது, அதையும் மாற்றினார். எலி அசையும்போது எண்கள் குதிப்பதைச் சொன்னேன். தராசின் உள் அமைப்பில் போய், எண்ணை நிலைநிறுத்த எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கூட்டி வைத்தார். இப்போது இரண்டு நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், ஆனால் வரும் எண் நிற்கிறது. அடுத்து, நாங்கள் எலியை வைக்கும் மூடிபோட்ட கறுப்பு டப்பாவின் அளவை வாங்கிக்கொண்டு, தட்டில் மூன்று சின்ன முளைகளை ஒட்டிக் கொடுத்தார். டப்பா நடுவை விட்டு நகராது. கறுப்பு டப்பா எங்கள் பழைய வழக்கம், இருட்டில் எலி சீக்கிரம் அடங்கி உட்காரும்.

கடைசியாகத் தராசைக் கல் வைத்துச் சரிசெய்தார். வெளியூரில் சரிசெய்து அனுப்பிய தராசை இங்கே வந்ததும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்றார். புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். டெல்லியில் சரிசெய்த தராசை அப்படியே நம் பக்கம் கொண்டுவந்தால் அரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 0.4 கிராம் குறைத்துக் காட்டும். தங்கம் விற்கிறவர்களுக்கு இது காசு, அதனால் அவர் மறப்பதே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கையில் கிடைத்தது. நாலு மூலையும் என் கண் முன்னாலேயே வைத்துக் காட்டினார்: 20.00, 20.01, 20.00, 19.99, நடுவில் 20.00. லோடு செல், பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து ரூ.2,350. ரப்பர் வளையத்துக்கும் முளைகளுக்கும் காசு வாங்கவில்லை, நான் வற்புறுத்தியும் வாங்கவில்லை. நாணயம் வைத்துப் பார்த்த கதையைக் கேட்டு, "அவசரத்துக்கு நல்ல யோசனை, ஆனா நாணயம் தேயும்" என்று சொல்லி, 20 கிராம் கல் ஒன்றை இடுக்கியோடு விற்றார். தினமும் காலையில் முதல் எலிக்கு முன் அந்தக் கல் ஏறுகிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். மாடிப்படி செங்குத்து, கனமான தராசு தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கூட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நான் போன நாள் 50 நிமிடம் காத்திருந்தேன், உட்கார ஒரே ஒரு ஸ்டூல். நிறுவனத்துக்கு வேண்டிய ஜிஎஸ்டி பில் உடனே கிடைக்கவில்லை, இரண்டு தடவை போன் செய்து நாலாவது நாள்தான் வந்தது. கணக்குப் பிரிவில் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு இது தொல்லை. முக்கியமாக, இவர் பழுதுபார்க்க உரிமம் வைத்திருக்கிறார், சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற அளவீட்டுச் சான்றிதழ் இவரால் தர முடியாது. மருந்து அனுமதிக்குப் போகும் ஆய்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், அதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தைத்தான் நாட வேண்டும். நாங்களும் அப்புறம் அப்படித்தான் செய்தோம். இதை அவரே முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். அரை குறைத்தது பில்லுக்காக.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள். பண்டிகைக்கு முந்தின வாரம் நகைக்கடைத் தராசுகள் குவிந்துவிடும், அப்போது அவசர வேலை கொண்டுபோகாதீர்கள். வண்டியைப் பஜாருக்குள் நிறுத்த இடம் கிடையாது. நான் கோட்டைப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தேன், தராசைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு. பேருந்தில் வருகிறவர்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், தட்டைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள், லோடு செல் குலுங்காமல் இருக்கும்.